இயந்திர மனிதன் ஆசிரியரா, மாணவனா?

மனித உருவில் ஓர் இயந்திரம் வகுப்பறைக்குள் நடந்து வந்து பாடம் நடத்தினால் எப்படி இருக்கும்? வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் அதனால் நாம் எதைக் கற்றுக்கொள்வோம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

'நாவோ' என்ற ரோபோவை எடுத்துக்கொள்வோம். 2005-ல் பிரான்சில் தொடங்கப்பட்ட அல்டபரான் நிறுவனம் உருவாக்கியது இது. உயரம் 58 செ.மீ. எடை சுமார் 5½ கிலோ. தலை முதல் கால் வரை 25 விதமாக அசையக்கூடியது. பல நாடுகளில் கல்விக்கூடங்கள் இதை வாங்கியுள்ளன.

இதைப் பேச வைப்பது எளிது. ஒரு காலைத் தூக்க வைப்பதுதான் கடினம். 'இடது காலைத் தூக்கு' என்று மட்டும் ஆணையிட்டால் விழுந்துவிடும். முதலில் உடலை வலப்பக்கம் சாய்க்க வேண்டும். ஈர்ப்பு மையத்திலிருந்து கீழே இறங்கும் செங்குத்துக் கோடு வலது பாதத்திற்குள் விழ வேண்டும். அதன் பிறகே இடது கால் எழலாம்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். வலது தோளும் வலது பாதமும் சுவரை ஒட்டியிருக்கும்படி நின்று, இடது காலைத் தூக்குங்கள். முடியவில்லை அல்லவா? உடல் வலப்பக்கம் சாயச் சுவர் இடம் கொடுக்கவில்லை! நாம் அறியாமலே நாள்தோறும் செய்யும் ஒன்றை, இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுக்கும்போதுதான் அறிகிறோம். ஆகவே ரோபோ நமக்கு மாணவனாக இருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

இது புதிய எண்ணம் அன்று. அமெரிக்காவில் சீமோர் பேப்பர்ட் என்ற அறிஞரும் அவருடைய நண்பர்களும் 1967-ல் 'லோகோ' என்ற கணிப்பொறி மொழியை உருவாக்கினார்கள். அம்மொழியில் குழந்தைகள் இட்ட ஆணைப்படி, 'ஆமை' எனப்பட்ட சிறு ரோபோ தரையில் ஊர்ந்து கோடு வரைந்தது. சமபக்க முக்கோணம் வரைய, ஒவ்வொரு பக்கத்தின் முடிவிலும் 60° திரும்பச் சொன்னால் என்ன ஆகும்? மூன்று கோடுகள் முடிந்ததும் அறுகோணத்தின் பாதிதான் தரையில் இருக்கும். திரும்ப வேண்டியது வெளிக்கோணமாகிய 120°. இந்தத் தவற்றைக் காட்ட ஆசிரியரின் சிவப்பு மை தேவையில்லை. ஆமைக்கு முகமும் இல்லை, கையும் இல்லை. ஆனாலும் அது வடிவகணிதம் கற்பித்தது.

மனித உருவம் குழந்தைகளைக் கவரும் என்பது உண்மையே. கவர்ச்சி மட்டும் கல்வியாகிவிடுமா? ரோபோவை ஆண்டுவிழா மேடையில் ஆட வைத்துக் கைதட்டல் வாங்கிவிட்டுப் பெட்டிக்குள் பூட்டிவைத்தால், செலவழித்த பணம் வீண்தான். அல்டபரான் நிறுவனமே 2025-ல் நொடித்துப்போய், அதன் சொத்துகள் ஒரு சீன நிறுவனத்தின் கைக்கு மாறின. நிறுவனங்கள் வரும், போகும். ஈர்ப்பு மையம் எங்கே விழ வேண்டும் என்று ஒருமுறை கண்டறிந்த மாணவனிடமிருந்து அந்த அறிவு போகாது.

உங்கள் பள்ளிக்கு ரோபோ வந்தால், 'இது என்னவெல்லாம் செய்யும்?' என்று கேட்டு நின்றுவிடாதீர்கள். 'இதற்கு நாங்கள் ஆணை எழுதலாமா?' என்று கேளுங்கள்.