முதலிடம் யார் கையில்?

சங்கத்தில் அன்றைய நிகழ்ச்சி முடிந்து எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டிருந்த நேரம். அல்சூரில் பாத்திரக்கடை நடத்தும் நண்பர் ஒருவர் என்னை ஓரமாக அழைத்துச் சென்று தம் கைப்பேசியைக் காட்டினார். கூகுளில் தம் கடையின் பெயரை எழுதித் தேடினார். முதல் வரியிலேயே கடை வந்து நின்றது. "பாருங்க சார், முதலிடம்! இதுக்காக மாசம் 12,000 ரூபாய் கட்டுறேன். பதினாலு மாசம் ஆச்சு. வியாபாரம்தான் ஏறவே இல்லை" என்றார்.

கணக்குப் போட்டால் 1,68,000 ரூபாய். சிறு கடைக்காரர் ஒருவருக்கு இது சிறிய தொகை அன்று. யாரிடம் கட்டுகிறார்? வலைத்தளங்களைத் தேடுபொறியில் முன்னுக்குக் கொண்டுவருவதாகச் சொல்லும் ஒரு முகவரிடம். இத்தொழிலுக்குத் 'தேடுபொறி உகப்பாக்கம்' என்று அறிஞர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். கடைவீதியில் அப்படி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை, எஸ்.இ.ஓ. என்றுதான் சொல்கிறார்கள். நாமும் அப்படியே சொல்வோம்.

நண்பரிடம் நான் ஒன்றுதான் கேட்டேன். "உங்கள் கடையின் பெயர் தெரிந்தவர் ஏன் அதைத் தேடப்போகிறார்? அவருக்குத்தான் கடையே தெரியுமே!" அவர் விழித்தார். பெயரைச் சொல்லித் தேடினால் அந்தப் பெயருள்ள கடை முதலில் வருவது இயல்பு. அதற்கு எவருக்கும் ஒரு காசு கொடுக்க வேண்டியதில்லை. கடை இருப்பதே தெரியாத ஒருவர், வேண்டிய பொருளின் பெயரை எழுதித் தேடும்போது கடை கண்ணில் படுகிறதா என்பதே கேள்வி.

இதில் இன்னொரு கண்கட்டும் இருக்கிறது. பக்கத்துக் கடைகளைக் காட்டும்போது பொருத்தம், தொலைவு, கடை எவ்வளவு பெயர் பெற்றது ஆகிய மூன்றையும் பார்ப்பதாகக் கூகுளே எழுதி வைத்திருக்கிறது. கடைக்குள் நின்றுகொண்டு 'பாத்திரக்கடை' என்று தேடினால் தொலைவு ஏறக்குறைய பூச்சியம். அந்தக் கடை மேலே வருவதில் வியப்பென்ன? முகவர் ஒவ்வொரு மாதமும் கடைக்கே நேரில் வந்து, கல்லாவின் அருகில் நின்று, கடைக்காரரின் கைப்பேசியிலேயே தேடிக் காட்டிவிட்டுப் பணம் வாங்கிக்கொண்டு போவாராம். அன்றிரவு ராஜாஜிநகரில் என் வீட்டிலிருந்து 'பாத்திரக்கடை' என்று தேடிப் பார்த்தேன். மூன்று பக்கம் புரட்டியும் நண்பரின் கடை கண்ணில் படவில்லை. எல்லோருக்கும் பொதுவான ஒரே முதலிடம் என்று ஒன்று இல்லை. தேடுபவர் இருக்கும் இடத்தைப் பொறுத்தும் தேடும் மொழியைப் பொறுத்தும் பட்டியல் மாறும். முதலிடத்துக்கு எவராலும் உறுதி தர முடியாது என்று கூகுள் தன் வழிகாட்டிக் குறிப்பிலேயே வணிகர்களை எச்சரித்திருக்கிறது. அதை நம்மவர்கள் படிப்பதில்லை.

'கூகுளுக்கே பணம் கட்டினால் மேலே போட்டுவிடுவார்கள்' என்பது அடுத்த நம்பிக்கை. பணம் கட்டினால் கிடைப்பது விளம்பர இடம். அது ஏலத்தில் கிடைப்பது. விளம்பரம் என்ற குறிப்போடுதான் வரும். அதனால் கீழேயுள்ள இயல்பான பட்டியலில் ஓர் அங்குலம்கூட உயராது. ஏல இடத்தைப் போட்டிக்காரரும் வாங்கலாம். பாரத் மேட்ரிமோனியை நடத்திய கன்சிம் இன்ஃபோ நிறுவனம், தன் பெயர்களைத் தேடுபவர்களுக்குப் போட்டி நிறுவனங்களின் விளம்பரங்கள் காட்டப்படுவதை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 'தமிழ் மேட்ரிமோனி' போன்றவை தொழிலை விவரிக்கும் சொற்கள் என்று கருதிய நீதிமன்றம் 2010 செப்டம்பரில் இடைக்காலத் தடை தர மறுத்துவிட்டது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலை.

நண்பரின் வலைத்தளத்தைத் திறந்து பார்த்தேன். 'பெங்களூரின் சிறந்த பாத்திரக்கடை, மலிவான பாத்திரக்கடை, பெங்களூர் ஸ்டீல் பாத்திரக்கடை' என்று ஆங்கிலத்தில் ஒரே சொற்றொடர் ஒரு பக்கத்தில் முப்பது தடவைக்கு மேல் வருகிறது. படிப்பவருக்குத் தலைசுற்றும். பக்கத்தின் உள்ளே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், குறிச்சொற்களின் நீண்ட பட்டியல் வேறு. இந்தப் பட்டியலைத் தரவரிசைக்குத் தாங்கள் பார்ப்பதே இல்லை என்று 2009-ஆம் ஆண்டிலேயே கூகுள் அறிவித்துவிட்டது. முகவர் அதற்கும் தனிக் கட்டணம் வாங்கியிருக்கிறார்.

இத்தகைய வேலைகள் பயனில்லாமல் போவதோடு நின்றால் பரவாயில்லை, கெடுதலும் செய்யும். தேடுபொறிக்கு ஒரு பக்கம், மனிதருக்கு வேறு பக்கம் என்று வைத்திருந்ததற்காக 2006-இல் பி.எம்.டபிள்யூ நிறுவனத்தின் ஜெர்மன் தளத்தையே கூகுள் தன் பட்டியலிலிருந்து நீக்கியது. பிற தளங்களில் நம் தளத்துக்கு இணைப்புகள் இருந்தால் மதிப்பு கூடும் என்ற எண்ணம், 1998-இல் லாரி பேஜும் செர்கே பிரினும் கூகுளைத் தொடங்கியபோது அதன் அடிப்படையாகவே இருந்தது. அதைக் கண்டவர்கள் இணைப்புகளை மொத்த விலைக்கு விற்கத் தொடங்கினார்கள். அமெரிக்காவின் ஜே.சி. பென்னி என்ற பேரங்காடி நிறுவனத்துக்காக அப்படி இணைப்புகள் வாங்கப்பட்டதை 2011-இல் நியூயார்க் டைம்ஸ் வெளிக்கொணர்ந்தது. அதன் தளத்தைக் கூகுள் பட்டியலில் கீழே தள்ளியது. மறு ஆண்டே இத்தகைய தளங்களைத் தானாகவே இறக்கும் 'பென்குயின்' என்ற மாற்றமும் வந்தது.

நம் நண்பருக்கு நேர்ந்தது சற்று வேறு. கூகுள் வரைபடத்தில் கடைகளுக்கென்று உள்ள பதிவு இலவசம். அதில் கடைப் பலகையில் உள்ள பெயர்தான் இருக்க வேண்டும் என்பது விதி. முகவரோ பெயரோடு 'சிறந்த', 'மலிவான', 'அருகில்' என்று ஒரு வால் சேர்த்திருக்கிறார். யாரோ புகார் செய்ய, தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு பதிவு முடக்கப்பட்டது. பண்டிகை வியாபாரம் முடிந்து, கடைக்காரர் கணக்கு முடித்த பிறகுதான் மீண்டு வந்தது.

இனி, சொல்லப்பட வேண்டியது எதுவோ அது அந்தத் தளத்தில் இல்லவே இல்லை என்பதுதான் என்னை வருத்தியது. நண்பரின் கடையில் என்ன விசேஷம்? எவர்சில்வர் தட்டு ஊர் முழுக்கக் கிடைக்கும். கல்சட்டியும் ஈயச் சொம்பும் இரும்பு தோசைக்கல்லும் பணியாரக் கல்லும் வேண்டுமென்றால் ஒயிட்ஃபீல்டிலிருந்தும் ஆள் வருவார்கள். புதுக் கல்சட்டியை வடித்த கஞ்சி ஊற்றிச் சில நாட்கள் பழக்கிய பிறகுதான் அடுப்பில் ஏற்ற வேண்டும் என்று வாங்குபவர் ஒவ்வொருவருக்கும் நண்பர் பொறுமையாகச் சொல்லி அனுப்புவார். ஈயச் சொம்பை வெறுமையாகத் தீயில் வைத்தால் உருகிவிடும்; வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகும் உலோகம். ஈயம் என்றால் நஞ்சாயிற்றே என்று அஞ்சுபவர்களுக்கு, ரசம் வைக்கும் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது, நஞ்சான காரீயம் வேறு என்று விளக்குவார். ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, பாட்டி வைத்த ரசத்தை நினைத்துக்கொண்டு இரவு பதினொரு மணிக்குத் தேடுவது இவற்றைத்தான். 'கல்சட்டி' என்ற சொல்லே இல்லாத தளத்தைத் தேடுபொறி அவளிடம் எப்படிக் கொண்டுபோய்க் காட்டும்?

எந்த மொழியில் எழுதுவது என்றும் நண்பர் கேட்டார். தமிழில் எழுதினால் யார் பார்ப்பார்கள் என்பது அவருடைய எண்ணம். கடைப் பலகையில் 60 விழுக்காடு கன்னடம் இருக்க வேண்டும் என்று 2024-இல் கர்நாடகத்தில் சட்டம் திருத்தப்பட்டது. நாம் வாழும் மண்ணின் மொழி அது; அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பலகையில் இடம் குறைவு, வலைத்தளத்தில் குறைவில்லை. கன்னடத்தில் ஒரு பக்கம், தமிழில் ஒரு பக்கம், ஆங்கிலத்தில் ஒரு பக்கம் என்று எழுதலாமே. ஊரின் பெயர் 2014 நவம்பர் 1 முதல் பெங்களூரு. பழகிய வாய்க்குப் பெங்களூர். பேட்டையின் பெயர் நமக்கு அல்சூர், கன்னடருக்கு ஹலசூரு. இந்த வேறுபாடுகளில் பெரும்பாலானவற்றைத் தேடுபொறி இப்போது தானே புரிந்துகொள்கிறது. பொருளின் பெயரையும் அதைப் பற்றிய செய்தியையும் மட்டும் நாம்தான் எழுத வேண்டும்.

எஸ்.இ.ஓ. தொழில் செய்பவர் எல்லோரும் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லவில்லை. இந்த ஊரில் நம் பிள்ளைகள் பலரே அதில் நேர்மையாகச் சம்பாதிக்கிறார்கள். பல்லாயிரம் பொருள்களை இணையத்தில் விற்கும் நிறுவனத்துக்கு அவர்கள் தேவை. தளம் கைப்பேசியில் விரைவாகத் திறக்கிறதா, பழைய பக்கங்கள் அறுந்து கிடக்கின்றனவா என்று பார்ப்பது உண்மையான வேலைதான். நேர்மையானவர் உடனே பலன் வரும் என்று சொல்ல மாட்டார். நான்கு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகலாம் என்று கூகுளே சொல்கிறது. என்ன செய்தார் என்பதை எழுதியும் கொடுப்பார். நண்பரின் முகவர் பதினான்கு மாதத்தில் ஒரு தாள்கூடக் கொடுக்கவில்லை. இப்போது புதிதாக, 2024 ஆகஸ்டு முதல் இந்தியாவிலும் தேடலின் உச்சியில் செயற்கை நுண்ணறிவு எழுதும் விடை வருகிறது அல்லவா, அதற்குள் கடையின் பெயரை நுழைத்துத் தருவதாகச் சொல்லி இன்னொரு 5,000 கேட்டிருக்கிறார்!

நண்பர் மாதப் பணத்தை நிறுத்திவிட்டார். வீட்டில் மருமகள் நன்றாக எழுதுவார். கல்சட்டி பழக்கும் முறையை மாமனார் சொல்லச் சொல்ல எழுதி, நான்கு படங்களோடு தளத்தில் போட்டிருக்கிறார். அடுத்தது ஈயச் சொம்பு. அதைப் பார்த்துவிட்டு எச்.எஸ்.ஆர். லேஅவுட்டிலிருந்து ஒருவர் வந்ததாகச் சென்ற வாரம் சொன்னார். ஒருவர்தான்.

கூகுள் வரைபடப் பதிவு முகவரின் மின்னஞ்சலில் தொடங்கப்பட்டது என்பது பணத்தை நிறுத்திய பிறகுதான் தெரிந்தது. கடையின் நேரத்தை மாற்றுவதென்றாலும் அவரைத்தான் கேட்க வேண்டும். உரிமை கோரி நண்பர் விண்ணப்பித்திருக்கிறார். வலைத்தளத்தின் பெயர் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று கேட்டேன். பார்த்துச் சொல்வதாகப் போயிருக்கிறார்.