புட்டியின் அடியில் ஓர் எண்

சில ஆண்டுகளுக்கு முன், பிளஸ் டூ செய்முறைத் தேர்வுக்கு முந்தின நாள், ஒரு பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் நின்றுகொண்டிருந்தேன். அலமாரியின் கீழ்த்தட்டு ஈரமாக இருந்தது. தண்ணீர்தான் என்று நினைத்துத் துணியால் துடைத்தார் ஆய்வக உதவியாளர். விரல் நுனி சோப்புபோல் வழுக்கியதும்தான் அவருக்கு விளங்கியது, அது காஸ்டிக் சோடா என்று. குழாயடிக்கு ஓடியவர் கால் மணி நேரம் கையைத் தண்ணீரில் காட்டியபடி நின்றார். குளிர்பானம் வந்த இரண்டு லிட்டர் பாட்டிலில் யாரோ எப்போதோ கரைசலை ஊற்றி வைத்திருக்கிறார்கள். பாட்டில் கீழே விழவில்லை. யாரும் தட்டவும் இல்லை. அடிப்பக்கத்தில் அதன் ஐந்து கால்களும் கூடுகிற இடத்திலிருந்து மெல்லிய விரிசல்கள் நட்சத்திரம்போல் ஓடியிருந்தன.

யார் செய்தது என்ற பேச்சு வெகுநேரம் நடந்தது. உதவியாளர் ஆசிரியரைப் பார்த்தார், ஆசிரியர் அலுவலகத்தைச் சொன்னார், அலுவலகம் கடைக்காரரைச் சொன்னது. அந்தப் பாட்டில் அலமாரிக்கு வந்து சேர இத்தனை கைகளும் வேண்டியிருந்தன என்பதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

குளிர்பான பாட்டில் 'பெட்' என்கிற பாலியெஸ்டரால் ஆனது. துணிக்கடையில் நாம் கேட்கும் அதே பாலியெஸ்டர்தான். காரம் எஸ்டர் பிணைப்பை அறுக்கும் என்று நம் பிள்ளைகள் பாடத்தில் படிக்கிறார்கள். எண்ணெய் சோப்பாவதும் இப்படித்தான். வகுப்பறையில் சமன்பாடாக எழுதிப் போட்ட வினை, பக்கத்து அறை அலமாரியில் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தது. பாட்டிலை ஊதி வார்க்கும்போது இறுக்கம் தங்கிப்போகிற அடிப்பாகம் முதலில் பிளந்தது.

இதற்காகப் பிளாஸ்டிக்கைப் பழித்துப் பயனில்லை. காஸ்டிக் சோடாவைக் கண்ணாடி மூடி போட்ட புட்டியில் வைத்தால் மூடி இறுகித் திறக்கவே வராது. ஹைட்ரோஃபுளூரிக் அமிலமோ கண்ணாடியையே அரித்துவிடும். இரண்டையும் 'ஹெச்டிபிஇ' என்கிற பிளாஸ்டிக்கால் ஆன வெள்ளைக் கேன் தாங்கும். ஆனால் அதே கேனில் டொலுயீனை ஊற்றி வைத்தால் சுவர் உப்பும், ஆவி வெளியே கசியும், நாளாவட்டத்தில் கேன் நெளிந்துவிடும். பாலிபுரோப்பிலீன் வெந்நீருக்கு அஞ்சாது, அடர் நைட்ரிக் அமிலத்திடம் தோற்றுவிடும். பாலிஸ்டைரீன் அசிட்டோன் பட்ட மாத்திரத்தில் குழையும். ஏறக்குறைய எதையும் தாங்குவது டெஃப்லான்; அதன் விலையைப் பள்ளிகள் தாங்காது. பாட்டிலும் மூடியும் பல சமயம் ஒரே பிளாஸ்டிக் அல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இவையெல்லாம் ரகசியம் அல்ல. ஆய்வகக் கலன் செய்பவர்கள் எந்த ரசாயனத்தை எது தாங்கும் என்று அட்டவணையே தருகிறார்கள். அதைப் படிக்கும் விதத்தில்தான் நாம் தவறுகிறோம். பரவலாகப் பயன்படும் அட்டவணைகளில் முதல் தர மதிப்பெண்ணுக்குப் பொருள், 30 நாள் இடைவிடாமல் பட்டாலும் சேதமில்லை என்பதுதான். நம் அலமாரிகளிலோ மூன்று வருடத்துப் புட்டிகள் நிற்கின்றன. மதிப்பெண்ணும் 20 டிகிரிக்கு ஒன்று, 50 டிகிரிக்கு ஒன்று என இரண்டாக இருக்கும். வேலூரில் மே மாதம் பூட்டிக் கிடக்கும் தகரக் கூரை ஸ்டோர் ரூம், இந்த இரண்டில் எதற்கு அருகில் இருக்கும்?

இது சிறிய பள்ளிகளின் குறை மட்டும் அல்ல. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் உள்ள கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில் பாட்ரிசியா ஹன்ட் என்ற மரபியலாளர் சுண்டெலிகளின் கருமுட்டைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1998இல் திடீரென்று கணக்குகள் தாறுமாறாயின. குரோமோசோம்கள் ஒழுங்காக வரிசைகட்டாத முட்டைகள், நூற்றுக்கு ஒன்றிரண்டு இருந்த இடத்தில், 40ஆக உயர்ந்தன. அதுவும் எந்தச் சோதனைக்கும் உட்படாத ஒப்பீட்டு எலிகளில். தேடிப் பார்த்ததில், தரை கழுவும் காரத் திரவத்தைக் கொண்டு கூண்டுகளையும் தண்ணீர் பாட்டில்களையும் கழுவியது தெரிந்தது. அவை பாலிகார்பனேட்டால் ஆனவை. காரம் அவற்றை அரிக்க, பிஸ்ஃபீனால் ஏ என்ற பொருள் கசிந்து எலிகளின் உடலுக்குள் போயிருந்தது. 2003இல் அந்த ஆய்வு வெளிவந்தது. ஆய்வகத்தில் பாத்திரம் கழுவுபவரைக் கடைசி ஆளாக நினைத்தே நாம் பழகியிருக்கிறோம். கிளீவ்லாந்தில் முடிவு அவர் கையில்தான் இருந்தது.

ஆகவே இதில் எல்லோருக்கும் பங்கு உண்டு. கொட்டேஷன் கேட்கும் அலுவலகம் '500 மில்லி பிளாஸ்டிக் பாட்டில்' என்று எழுதினால் மலிவானது எதுவோ அது வரும். 'ஹெச்டிபிஇ, திருகு மூடி' என்று எழுத மை மட்டுமே கூடுதல் செலவு. அளந்து கொடுக்கும் கடைக்காரர், கையில் கிடைத்த பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றித் தர மறுக்கலாம். யார் வாங்குகிறார் என்று பதிவேட்டில் குறிக்காமல் அமிலத்தைச் சில்லறையில் விற்கக் கூடாது என்று 2013இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எதில் வாங்குகிறார் என்று கேட்க நமக்கு நீதிமன்றம் வேண்டாம். பினாயிலையும் ஆசிட்டையும் குளிர்பான பாட்டிலில் ஊற்றிக் குளியலறை மூலையில் வைக்கும் வீட்டிலிருந்து வருகிற பிள்ளைக்கு, ஆய்வகத்திலும் அது தவறாகத் தோன்றாது. தாகத்தில் அதை எடுத்துக் குடித்துவிடும் ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

நான் சொன்ன பள்ளியில் இப்போது ஒரு வழக்கம் வந்திருக்கிறது. ஜூனில் பள்ளி திறந்ததும் காலிப் புட்டிகளை மாணவர்கள் கவிழ்த்து, அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைப் படிக்கிறார்கள். 1 என்றால் பெட், ஒதுக்கிவிடு. 2 என்றால் ஹெச்டிபிஇ, 5 என்றால் பாலிபுரோப்பிலீன். எது எதற்கு ஆகும் என்ற பட்டியல் தமிழில் சுவரில் ஒட்டியிருக்கிறது. ஊற்றிய தேதியை லேபிளில் எழுதுகிறார் உதவியாளர். ஒரு பீரியடுக்குள் முடிந்துவிடுகிற வேலை. வரும் கல்வியாண்டின் முதல் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், உங்கள் ஊர்ப் பள்ளியிலும் இதைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள்.