மகிழடியில் மறையாத உண்மை

திருவொற்றியூர்த் தியாகராஜர் திருக்கோயிலில் மாசித் திருவிழாவின்போது மகிழடி சேவை காணும் அன்பர்கள் அந்த வரலாற்றை நன்கு அறிவர். சங்கிலியாரைப் பிரியேன் என்று சன்னதியில் சபதம் செய்ய வேண்டியிருந்த சுந்தரர், அவ்வேளையில் இறைவனை மகிழ மரத்தடியில் எழுந்தருளுமாறு வேண்டிக்கொண்டார். இறைவனோ அதனைச் சங்கிலியாருக்குக் கனவில் உணர்த்திவிட, சபதம் மகிழடியிலேயே நிகழ்ந்தது. மறைக்க எண்ணியது மறையவில்லை.

நெஞ்சுவலிக்காக ஆஞ்சியோகிராம் செய்துகொள்ளச் செல்லும் முதியோருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. இதயத்தின் இரத்தக் குழாய் அடைப்பைக் காண, அயோடின் கலந்த சாய மருந்து செலுத்தப்படுகிறது. அதனைச் சிறுநீரகங்களே வெளியேற்ற வேண்டும். பெரும்பாலோருக்கு இதனால் தீங்கில்லை. ஏற்கெனவே சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும், அத்துடன் நீரிழிவோ இதய பலவீனமோ உள்ளவர்களுக்கும் அச்சுமை தாங்க முடியாததாகலாம்.

ஆகவே பரிசோதனைக்கு முன் இரத்தத்தில் கிரியேட்டினின் அளவைப் பார்க்கிறார்கள். மெலிந்த உடல்வாகுள்ள முதியோருக்கு இந்த எண் மட்டும் இயல்பாகத் தோன்றி ஏமாற்றக்கூடும். வயதையும் சேர்த்துக் கணக்கிடும் இ.ஜி.எஃப்.ஆர். அளவையும் கேட்டறிவது நன்று. அது 30-க்குக் கீழ் இருந்தால் மிகுந்த எச்சரிக்கை தேவை.

மூட்டுவலிக்குக் கடையில் வாங்கி விழுங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகள், நீரிழிவுக்கான மெட்ஃபார்மின், நாட்டு மருந்துகள் ஆகிய அனைத்தையும் மருத்துவரிடம் கூறிவிட வேண்டும். எதை நிறுத்துவது, எத்தனை நாள் நிறுத்துவது என்பதை அவரே முடிவு செய்வார்.

முந்தைய நாள் ஏகாதசியோ பிரதோஷமோ ஆயினும், தண்ணீரும் அருந்தாத விரதம் அப்போது வேண்டாம். உடலில் நீர் வற்றியிருப்பதே சிறுநீரகத்துக்குப் பெரும் பகை. தேவையானவர்களுக்கு உப்பு நீர் நரம்பு வழியே ஏற்றப்படுகிறது. சாய மருந்தின் அளவும் குறைக்கப்படுகிறது. இதய பலவீனம் உள்ளவர்கள் மட்டும் தாமாக மிகுதியாக நீர் பருகலாகாது. அளவை மருத்துவரிடம் கேட்க வேண்டும். 2018-இல் வெளியான, ஏறத்தாழ 5,000 பேரிடம் நடந்த ஆய்வில், அசிட்டைல்சிஸ்டைன் மாத்திரை இப்பாதிப்பைத் தடுக்கவில்லை என்று தெரிந்தது.

வீடு திரும்பிய பின், 2 அல்லது 3 நாட்களில் கிரியேட்டினினை மீண்டும் பார்ப்பது அவசியம். இடையில் சிறுநீர் குறைந்தாலோ, கால் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ தாமதிக்கலாகாது.

அச்சத்தால் ஆஞ்சியோகிராமையே தவிர்ப்பதும் தவறு. மாரடைப்பு வேளையில் உயிரைக் காப்பதே முதற்கடமை. வடிவுடையம்மனை வணங்கிப் புறப்படுவோர், மருத்துவர் முன் எதையும் மறைக்காதிருந்தால் பாதி பாதுகாப்பு அங்கேயே கிட்டிவிடும்.