பால் வகுக்க இவர் யார்?

ஆணென்றும் பெண்ணென்றும் மாந்தர் வாழும் வாழ்வைப் பற்றி இற்றைப் பல்கலைக்கழகம் ஒன்றில் உரை நிகழ்ந்தால், 'செண்டர்' என்னும் ஆங்கிலச்சொல் அங்கு நூறு முறை ஒலிக்கும். 'பால்' என்னும் தமிழ்ச்சொல் ஒரு முறையும் ஒலிக்காது. தமிழிற் சொன்னால் கருத்துச் சிதைந்துவிடும் என்று அவ்வுரையாளர் அஞ்சுகின்றனர் போலும்! தாம் வாய்நிறையச் சொல்லும் சொல் எங்கிருந்து வந்தது என்று ஒருநாளேனும் அவர் தேடியிருந்தால் அவ்வச்சம் நீங்கியிருக்கும். சிறிது நாணமும் பிறந்திருக்கும்.

அது வெறும் இலக்கணச்சொல். வகை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லினின்று பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துட் புகுந்து, பெயர்ச்சொற்களின் பால் பாகுபாட்டைக் குறிக்கவே பெரிதும் வழங்கிவந்தது. அதனை 1955-இல் மாந்தர்மேல் ஏற்றியவர் சான் மனி என்பார். நியூசிலாந்திற் பிறந்து, அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்துச் சான்சு ஆப்கின்சு பல்கலைக்கழகத்தில் இருந்த உளநூலார் அவர். பிறப்பில் ஆணா பெண்ணா என்று உடலைக்கொண்டு துணிய இயலாத ஊடுபாற் குழந்தைகளை ஆராய்ந்தபோது, உடலின் பால் ஒன்று, வாழ்வில் ஏற்கும் பால் வேறொன்று எனப் பிரித்துக்காட்ட இலக்கண ஏட்டினின்று அச்சொல்லை எடுத்தார். ஆங்கிலம் பேசுவோர் தம் இலக்கணச்சொல்லை எடுத்து மாந்தர்க்கு ஆக்கினால் அது அறிவியல். தமிழன் தன் இலக்கணச்சொல்லை எடுத்து ஆண்டால் அது பழம்பெருமை! இந்த அடிமைக் கணக்கை என்னென்பது?

'பால்' என்பது பகுப்பு, பகுதி என்னும் பொருட்டு. தொல்காப்பியர் அச்சொல்லை ஊழ் என்னும் பொருளிலும் ஆள்கிறார். வகுக்கப்பட்டது என்பதும் விதிக்கப்பட்டது என்பதும் ஒரே சொல்லில் அடங்கியிருக்கின்றன. மேலையார் ஒன்றரை நூற்றாண்டாகப் போராடிவரும் வழக்கு முழுவதும் இவ்விரு பொருளுக்கும் இடையிற்றான் நடந்துவருகிறது.

முதலில் வந்தோர் ஊழ் என்றே முடிவு கட்டினர். கிராபுட்டு எபிங்கு என்னும் மனநோய் மருத்துவர் 1886-இல் மாந்தரின் காம வேட்கைகளையெல்லாம் நோய்ப்பட்டியலாக்கினார். மருத்துவமனையிலும் வழக்குமன்றத்திலும் கண்டோரை வைத்து வாழ்வை அளந்தவர் அவர். பின்வந்த பிராய்டு, பெண்ணை ஓர் உறுப்புக் குறைந்த ஆணாகக் கண்டு, அக்குறையினின்றே அவளுடைய உள்ளத்தை விரித்துரைத்தார். வியன்னா நகரத்து நடுத்தரக் குடும்பங்களின் பழக்கம் அவர் கையில் மாந்த இயல்பாக மாறியது. ஏங்கல்சு மட்டும் 1884-இலேயே உடலை விட்டு உடைமையை நோக்கினார். தன் சொத்துத் தன் மகனுக்கே சேரவேண்டும் என்னும் ஆணின் கவலையிற் பெண்ணின் சிறை தொடங்கிற்று என்றார். அவர் சான்றாகக் கொண்ட பழங்குடிச் செய்திகள் சில பின்னாளில் நிற்கவில்லை எனினும், கேட்ட கேள்வி நின்றது.

1935-இல் மார்கரெட்டு மீடு, நியூகினித் தீவின் மூன்று குடிகளைக் காட்டி, ஆண்மைக் குணம் பெண்மைக் குணம் என்பவை ஊருக்கு ஊர் மாறுவன என்றார். 1949-இல் சிமோன் தெ பொவார், பெண் என்னும் நிலை பிறப்பால் வருவதன்று, வளர்ப்பால் ஆக்கப்படுவது என்று நிலைநாட்டினார். பெண்ணடிமைக்கு எதிராக எழுந்த இவ்விருவர் நூல்களின் வலிமையை மறுத்தல் நேர்மையாகாது. விலங்கியலாரான கின்சி என்பவர் குளவி வகைகளை எண்ணிக்கொண்டிருந்து, பிறகு மாந்தரை எண்ணத் தொடங்கினார். 1948-இல் அவர் வெளியிட்ட நூல், ஆண்பால் வேட்கை பெண்பால் வேட்கை என்பவை இரண்டு பெட்டிகள் அல்ல, 0 முதல் 6 வரை நீளும் ஒரே அளவுகோலின் படிகள் என்று காட்டி அமெரிக்காவையே கலக்கியது. குளவியை எண்ணியவர் காட்டிய நடுநிலையை மனநூலார் பலர் காட்டவில்லை!

ஆக, இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஊழ்க்கட்சி தளர்ந்து பகுப்புக்கட்சி ஓங்கியது. அந்த ஓக்கத்தின் உச்சியில் நின்றவரே சான் மனி. அவர் சொன்னது இது: பிறந்த குழந்தை பால் வகையில் எழுதாத ஏடு போன்றது, ஏறத்தாழ இரண்டு ஆண்டு அகவைக்குள் ஆணென்றோ பெண்ணென்றோ உறுதியாக வளர்த்துவிட்டால் அதுவே நிலைத்துவிடும், உடல் அதற்கு ஒத்துவராவிடின் உடலைத் திருத்துக! இக்கருத்தை நம்பி, ஊடுபாற் குழந்தைகளின் உறுப்புகளை அறுத்துத் திருத்துவதும், அவ்வுண்மையைக் குழந்தைக்கு மறைப்பதும் பல நாட்டு மருத்துவமனைகளில் முறையாயின. அழுவதற்கன்றி வேறொன்றற்கும் வாயில்லாத குழந்தைகள் அவர்கள்.

இக்கோட்பாட்டிற்குத் தலைசிறந்த சான்றாகச் சான் மனி காட்டியது கனடா நாட்டு இரட்டையரின் கதை. 1965-இல் வின்னிபெக் நகரில் இரண்டு ஆண்மக்கள் பிறந்தனர். எட்டு மாத அளவில் நுனித்தோல் நீக்கச் செய்த அறுவையில் ஒருவனுடைய ஆணுறுப்புத் தீய்ந்து அழிந்தது. திகைத்த பெற்றோர் தொலைக்காட்சியில் சான் மனியைக் கண்டு அவரை நாடினர். பெண்ணாக வளர்த்துவிடுங்கள் என்றார் அவர். 1967-இல், இரண்டு அகவை நிரம்புமுன், விதைகளும் நீக்கப்பட்டன. பெண்பெயர், பெண்ணுடை, பெண்சுரப்பு மருந்து எல்லாம் கொடுக்கப்பட்டன. உடன்பிறந்தவன் ஆணாகவே வளர்ந்தான். ஒரே கருவிற் பிறந்த இருவர். ஒருவன் ஆண், ஒருத்தி பெண்! கோட்பாட்டிற்கு இதனினும் சிறந்த அளவுகோல் எங்கே கிடைக்கும்?

1972-இல் சான் மனி எழுதிய நூல் அம்முயற்சி வென்றது என்று உலகிற்கு அறிவித்தது. செய்தித்தாள்கள் பாடின. பாடநூல்கள் ஏற்றுக்கொண்டன. ஆன் ஓக்லி முதலிய பெண்ணுரிமை எழுத்தாளர் உடற்பாலையும் குமுகாயப் பாலையும் பிரித்து நூல் எழுதிய காலமும் அதுவே. சான் மனியின் ஆய்வுகள் அவர்கட்கும் பிறர்க்கும் படைக்கலமாயின.

ஆனால் வின்னிபெக்கில் நடந்தது வேறு. அக்குழந்தை பெண்ணுடையைக் கிழித்தெறிய முயன்றது. பள்ளியில் எள்ளி நகையாடப்பட்டது. பால்டிமோருக்கு அழைத்துச் செல்லப்படுவதை வெறுத்து, மேற்கொண்டு அறுவைக்கு இசைய மறுத்தது. 1980-இல், பதினான்காம் அகவையில், தந்தை உண்மையைச் சொன்னார். அன்றே அச்சிறுவன் ஆணாக வாழத் துணிந்தான். சான் மனியோ முயற்சி தோற்றது என்று எழுதவில்லை, பேசாதிருந்துவிட்டார். பதினேழு ஆண்டுகள் கழித்து, 1997-இல், மில்டன் தயமண்டு, கீத் சிக்மண்ட்சன் என்னும் இருவர் உண்மையை மருத்துவ இதழில் வெளிக்கொணர்ந்தனர். அதுவரை எத்தனைக் குழந்தைகள்மேல் அந்தப் பொய்ச்சான்றின் பெயரால் கத்தி பாய்ந்ததோ! 2002-இல் உடன்பிறந்தவன் இறந்தான். 2004-இல் அவனும் தன் முப்பத்தெட்டாம் அகவையில் தன்னுயிரை மாய்த்துக்கொண்டான்.

இதனைக் கண்டு பழைய ஊழ்க்கட்சியார் துள்ளிக் குதித்தனர். "பார்த்தீர்களா, உடலே எல்லாம், பிறப்பில் வகுத்த பாலை மாற்ற எவராலும் இயலாது" என்று முழங்கினர். இன்றும் முழங்குகின்றனர். திருநங்கையரையும் திருநம்பியரையும் பழிக்க இந்த ஏழைச் சிறுவனின் பிணத்தைத் தூக்கிக்கொண்டு வருகின்றனர். இவர்களின் ஏரணம் எத்தகையது? அவனுடைய உடல் அறுக்கப்பட்டது. மருந்தாற் பெண்ணுருவம் ஊட்டப்பட்டது. பெற்றோர், மருத்துவர், ஆசிரியர் எல்லாரும் பெண்ணென்றனர். அத்தனையையும் எதிர்த்து நின்றது எது? தான் யார் என்னும் அவனுடைய உள்ளுணர்வு. அவ்வுணர்வு ஊர் சொன்ன பாலை ஏற்க மறுக்கும் என்பதற்கு அவன் சான்றாயின், ஆணென்று ஊர் சொல்லியும் பெண்ணென்றே தன்னை உணரும் திருநங்கைக்கும் அவனே சான்று. வளர்ப்பே எல்லாம் என்றவர் அவனைக் கேட்கவில்லை. உடலே எல்லாம் என்போரும் அவனைக் கேட்கவில்லை. இரு கட்சியார்க்கும் அவன் எடுத்துக்காட்டு. ஒருவர்க்கும் அவன் ஆள் அல்லன்.

பின்வந்தோருள் மிசேல் பூக்கோ 1976-இல் இந்நோயின் வேரை ஓரளவு தொட்டார். மருத்துவனும் வழக்குமன்றத்தானும் மாந்தரின் காமத்தைப் பற்றி ஓயாது பேசிப் பேசியே அவர்களை வகைப்படுத்தி ஆள்கின்றனர் என்றார். 1990-இல் சூடித் பட்லர், ஆண்மை பெண்மை என்பவை நாள்தோறும் செய்து செய்து நிலைப்படுத்தப்படுபவை என்றார். நடை கடினம், நூலைத் திறந்தோருள் முடித்தோர் சிலரே. எனினும் அவர் அக்கனடியச் சிறுவனைப் பற்றிப் பின்னர்த் தனியே எழுதியபோது, அவனுடைய சொற்களுக்கே செவி கொடுக்க முயன்றார். மேலை நாட்டார் தட்டித் தடவி, ஒரு குடும்பத்தையே காவு கொடுத்து, வந்து நின்ற இடம் அது.

இனித் தமிழிலக்கணத்தைக் காண்க. வடமொழியில் மனைவியைக் குறிக்கும் 'பார்யா' பெண்பால், 'தார' ஆண்பால், 'களத்திர' இரண்டுமற்ற பால்! பதஞ்சலி பாலுக்கு இலக்கணம் கூறப் புகுந்து, கொங்கையும் கூந்தலும் உடையது பெண், மயிருடையது ஆண் என்னும் வரையறையை எடுத்து ஆராய்ந்து, அது கட்டிலுக்கும் மரத்திற்கும் பொருந்தவில்லையே என்று இடர்ப்படுகிறார். அம்மொழியிற் கட்டில் பெண்பால், மரம் ஆண்பால் அல்லவா! ஆணும் அல்லாத, பெண்ணும் அல்லாத மாந்தரைக் குறிக்கும் 'நபுஞ்சக' என்னும் சொல்லே அங்கு உயிரற்ற பொருள்கள் பலவற்றின் பாலுக்கும் பெயர். செருமன் மொழியிற் சிறுமியைக் குறிக்கும் சொல் நடுப்பால். தமிழிலோ பால் சொல்லைப் பற்றியதன்று, பொருளைப் பற்றியது. 1856-இற் கால்டுவெல் இதனை வியந்தெழுதினார்.

தொல்காப்பியர் ஆண்மையினின்று திரிந்தாரை எங்கே வைத்தார்? உயர்திணையில் வைத்தார். அவர்க்கெனத் தனி ஈறு இல்லையாயினும் உயர்திணைப் பாலீறுகளையே அவர் பெறுவர் என்றார். அவரை ஆண்பாற் சொல்லாற் குறித்தல் பொருந்தாது என்றும் தனியே விலக்கினார். அந்த ஒரு விலக்கின் பொருளை எண்ணிப் பார்க்க வேண்டும். பிறப்பில் ஆணென்று குறித்தாயிற்று, ஆகவே 'அவன்' என்றே சொல்வோம் என்பாரை இலக்கணம் தடுக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டளவில் நன்னூலார் இன்னும் ஒரு படி சென்றார். பெண்மையை விட்டு ஆண்மையை விழைவோர் ஆண்பால் எனவும், ஆண்மையை விட்டுப் பெண்மையை விழைவோர் பெண்பால் எனவும் வகுத்தார். உடலைக் கேட்கவில்லை, வளர்ப்பைக் கேட்கவில்லை, விழைவைக் கேட்டார்.

தொல்காப்பியர் பட்லருக்கு ஆசிரியர் என்று மார்தட்ட இதனைச் சொல்லவில்லை. அத்தகைய வெற்றுப்பெருமை பேசுவோர் இயக்கத்திற்கும் கேடு, மொழிக்கும் கேடு. பவணந்தியார் அந்நூற்பாவின் இறுதியில், அவர்களை அஃறிணை போலவும் கொள்ளலாம் என்று ஒரு வாயிலைத் திறந்துவைத்ததையும் மறைத்தல் ஆகாது. அடைக்கப்படவேண்டிய வாயில் அது. பழைய உரைகளிலும் இலக்கியங்களிலும் இம்மாந்தரைப் பற்றிய எள்ளல் உண்டு. அவற்றைப் போற்றவேண்டியதில்லை. ஆயினும், ஒருவரின் பாலை அவருடைய விழைவு கொண்டு துணிதல் என்னும் நெறி மேலையாரிடம் கடன் வாங்கியதன்று என்பது நன்னூல் படித்தோர் எவரும் அறியத்தக்கது.

"இவையெல்லாம் மேனாட்டு இறக்குமதி, தமிழ்ப் பண்பாட்டிற்கு ஒவ்வாதவை" என்று மேடையில் உறுமுவோர் இறக்குமதி எது என்பதை அறிந்து உறுமுதல் நன்று. ஒருபால் உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவு 1860-இல் வெள்ளையன் எழுதியது. ஆண்மை திரிந்தாரைப் பட்டியலில் ஏற்றி, அவர் பெண்ணுடை உடுத்துப் பொதுவிடத்தில் தோன்றினால் ஈராண்டு வரை சிறை என்ற சட்டம் 1871-இல் அவன் இயற்றியது. இங்கிலாந்து தன் நாட்டில் அத்தகைய சட்டத்தை 1967-இற் பெரிதும் தளர்த்திக்கொண்டது. இங்கோ 377-இன் அப்பகுதி விழ 2018 வரை காத்திருக்க நேர்ந்தது. அயலான் விட்டுச்சென்ற விலங்கை அணிகலன் என்று காப்பவர் பண்பாட்டுக் காவலர் ஆவாரா?

தமிழ்நாடு சில செயல்களை முந்திச் செய்தது. 2008-இல் திருநங்கையர்க்கு நல வாரியம் அமைத்தது. 2019-இல், மதுரை உயர்நயமன்றத் தீர்ப்பை ஒட்டி, ஊடுபாற் குழந்தைகட்கு உயிர்க்கு இடர் நேர்ந்தாலன்றிப் பால் திருத்தும் அறுவை செய்யலாகாது என்று அரசு ஆணையிட்டது. சான் மனி கோட்பாட்டின் கத்தி இம்மண்ணில் சட்டத்தால் தடுக்கப்பட்டது அப்பொழுதுதான். 2014-இல் இந்திய உச்சநயமன்றம் தன் பாலைத் தானே துணியும் உரிமை ஒவ்வொருவர்க்கும் உண்டு என்றது. ஆனால் 2019-இல் நடுவணரசு இயற்றிய சட்டமோ, அவ்வுரிமைக்கு மாவட்ட ஆட்சியரிடம் சான்றிதழ் வாங்கி வா என்றது. மருத்துவன் போய் அலுவலன் வந்தான்; கேட்கப்படாதவர் கேட்கப்படாமலே நின்றார்.

சொற்களின் பணியும் பாதியில் நிற்கிறது. 2022-இல் உயர்நயமன்றம் தூண்டியதன் பேரில், இம்மாந்தரைக் குறிக்கும் மதிப்பான தமிழ்ச்சொற்களின் பட்டியலை அரசு வெளியிட்டது. அச்சொற்களுட் சில நல்லாக்கம். சில திருத்தம் வேண்டுவன. அதனை ஆராயவேண்டிய தமிழ்ப்புலவரோ வாய் திறக்கவில்லை. 'செண்டர்' உரையாளரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. செய்தித்தாள்களோ திருநங்கை ஒருவர் தாக்கப்பட்டால், உள்ளே 'அவர்' என்று எழுதித் தலைப்பில் இழிசொல்லை இடும் பழக்கத்தை முற்றும் விட்டபாடில்லை.

பள்ளிகளிற் பால் இலக்கணம் நடத்தும் வகுப்பில், ஐம்பாலை எழுதிப்போட்டவுடன், இவற்றுள் அடங்காதவர் எங்கே என்று ஏதேனும் ஒரு மாணவன் கேட்பான். வகுப்புச் சிரிக்கும். ஆசிரியர் பலர் உடன் சிரித்து, ஏட்டைப் புரட்டிவிடுகின்றனர். அந்தச் சிரிப்பிற்கு அஞ்சித் தலை குனிந்திருக்கும் பிள்ளை ஒன்று அதே வகுப்பில் இருக்கக்கூடும். அவர்கள் புரட்டிச் செல்லும் ஏட்டிலேயே நன்னூலின் அந்நூற்பா இருக்கிறது.