பிரித்துப் பின்னலாம்

சிறு குழந்தைகளின் கைவேலைகளுள் நூல்வேலைக்கு உள்ள தனிச்சிறப்பு, அதில் நேரும் பிழை பொருளைக் கெடுப்பதில்லை என்பதே. தவறாகக் கத்தரித்த தாளை ஒட்டினாலும் வடு தெரியும். தவறாகப் பின்னிய நூலோ, முனையைப் பிடித்து இழுத்தால் குறைவின்றி மறுபடி கைக்கு வந்துவிடும். எழுதுகோல் பிடிப்பதற்கு முன்பே, பிழைக்கு அஞ்சாமல் முயலும் பழக்கத்தை ஒரு குழந்தைக்கு இவ்வளவு மலிவாகத் தரக்கூடிய பொருள் வேறொன்று இருப்பது அரிது.

திருக்கழுக்குன்றம் வட்டாரத்திற்கு நூல் புதியதன்று. வேதகிரி மலையடிவாரத்தில் பூத்தொடுப்போரின் விரல்களும், மாமல்லபுரத்தை அடுத்த கடற்கரைக் குப்பங்களில் வலையின் கிழிசலைச் சரிசெய்யும் மீனவரின் விரல்களும் முடிச்சு என்னும் ஒரே கல்வியையே வெவ்வேறு வகையில் கற்றவை. அருகிலுள்ள சதுரங்கப்பட்டினமோ, டச்சுக்காரர் கோட்டை கட்டி வணிகம் செய்த காலத்தில் மெல்லிய மஸ்லின் துணிக்குப் பெயர்பெற்றிருந்த துறைமுகம்.

கல்வியாளர்களும் நூலை நெடுநாளாக அறிந்துள்ளனர். 1837இல் ஜெர்மனியில் குழந்தைகளுக்கான விளையாட்டுக் கல்விக்கூடத்தைத் தொடங்கிய ஃப்ரோபெல், குழந்தைக்கு முதலில் தரவேண்டிய விளையாட்டுப் பொருளாக வகுத்தது ஆறு நிறங்களில் அமைந்த கம்பளிநூல் பந்துகளையே. அடுத்த நூற்றாண்டுக்கு வந்தால், 1937இல் வார்தாவில் காந்தியடிகள் கூட்டிய மாநாட்டையடுத்து ஜாகிர் உசேன் குழு உருவாக்கிய ஆதாரக் கல்வித் திட்டம், நூற்றலையும் நெசவையும் பாடத்திட்டமாகவே விரித்துரைத்தது. சிறு வட்டத்தின் நடுவே கம்பி செருகிய தக்ளி என்னும் கைக்கதிர் பள்ளிப் பிள்ளைகளின் கைக்கு வந்தது அவ்வழியில்தான். ஆயினும் பிள்ளைகள் செய்த பொருளின் வருவாயிலிருந்தே பள்ளிச் செலவை ஈடுகட்டலாம் என்ற எதிர்பார்ப்பு, அந்த நல்ல திட்டத்தின் மீது ஏற்றப்பட்ட வேண்டாத சுமை. குழந்தையின் பின்னலுக்கு விலை வைக்கத் தொடங்கிய கணமே, பிரித்துப் பின்னும் உரிமை அதன் கையைவிட்டுப் போய்விடுகிறது.

தொடங்குவதற்கு ஓர் அட்டைத்தறி போதும். அஞ்சலட்டை அளவுள்ள கெட்டி அட்டையின் மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் பெரியவர் வெட்டித்தரும் பிளவுகளில் நூலை மேலும் கீழுமாக இழுத்துக் கட்டினால் அது பாவு. அதன் குறுக்கே ஓடுவது ஊடை. ஊடையாக ஓடும் உல்லன் நூலின் முனையில் ஒட்டுநாடாவைச் சுற்றி விறைப்பாக்கிவிட்டால் ஊசி தேவையில்லை. முதல் வரிசையில் ஓரிழைக்கு மேலே, அடுத்த இழைக்குக் கீழே. திரும்பி வரும்போது, மேலே போன இடத்தில் கீழே, கீழே போன இடத்தில் மேலே. ஒற்றைப்படை, இரட்டைப்படை என்ற சொற்களைக் கேட்டிராத குழந்தையும் அவற்றின் ஒழுங்கை இங்கே விரலால் அறிந்துகொள்கிறது. ஊடையை இறுக்கி இழுத்தால் துணி நடுவில் இடுப்பைப் போல ஒடுங்கும். நூலை வில்லாக வளைத்துப் படுக்கவைத்து, பிறகு விரலால் கீழே தள்ளினால் விளிம்பு நேராக நிற்கும். இந்த நுட்பத்தை முன்கூட்டிச் சொல்லிவிடாமல், ஒடுங்கிய இடத்தைக் குழந்தையே கண்டு கேட்கும்வரை பொறுப்பது நல்லாசிரியருக்கு அழகு.

அதைவிட எளிது முப்புரிப் பின்னல். கதவுக் கைப்பிடியில் கட்டிய மூன்று நிற நூல்களில், இருபுறத்து ஓர நூலையும் மாறிமாறி நடுவுக்குக் கொண்டுவருவது என்ற ஒற்றை விதியே போதும். தலைவாரிச் சடைபின்னும் வீடுகளில் அதையும் கற்பிக்க வேண்டியிருக்காது. நூல் கழுத்தில் சிக்கக்கூடுமாதலால் முழநீளத்திற்கு மேல் தரலாகாது. மூன்று வயதுக்குட்பட்டோர் நூலை வாயில் வைப்பர் என்பதால் பெரியவர் ஒருவர் உடனிருப்பது கட்டாயம்.

வீட்டு அலமாரியில் மிஞ்சிக் கிடக்கும் உல்லன் உருண்டைகளை இந்த வாரம் தேடியெடுத்து, பக்கத்துத் தெரு அங்கன்வாடியில் கொண்டுபோய்க் கொடுங்கள். பழைய அட்டைப்பெட்டி ஒன்றும் உடன் இருக்கட்டும்.