ஓலா... இவர் எங்க அப்பா!

2022 ஜூலையில மாமல்லபுரம் பக்கத்துல பூஞ்சேரியில 44-வது செஸ் ஒலிம்பியாட் நடந்துச்சே, ஞாபகம் இருக்கா? அப்ப நான் பிளஸ் டூ. ஸ்பெயின், கியூபா, பெரு, அர்ஜென்டினானு ஊருக்குள்ள எங்க திரும்பினாலும் ஸ்பானிஷ் சத்தம். நமக்குத் தெரிஞ்சது ‘ஓலா’ மட்டும்தான். சொல்லிட்டு பேந்தப் பேந்த முழிச்சேன். (வேட்டி கட்டின குதிரை ‘தம்பி’ இருந்தாரே... ஸ்பானிஷ்ல ‘தம்பியேன்’னா ‘அதுவும்’னு அர்த்தமாம்!)

அந்த பல்புக்கு அப்புறம்தான் கத்துக்க ஆரம்பிச்சேன். ஒருத்தரை அறிமுகப்படுத்த ‘தே பிரெசென்த்தோ ஆ குமார்’. நடுவுல அந்த ‘ஆ’ எதுக்குனு இங்கிலீஷ் வழியா படிச்சப்ப மண்டை காஞ்சுது. தமிழ்ல யோசிச்சா சப்பை மேட்டர். ‘புத்தகம் பார்த்தேன்’னு சொல்லலாம், ஆனா ‘குமார் பார்த்தேன்’னு சொல்ல முடியுமா? ‘குமாரைப் பார்த்தேன்.’ ஆளுன்னு வந்தா நமக்கு ‘ஐ’, அவங்களுக்கு ‘ஆ’. அவ்ளோதான் பாஸ்!

மரியாதைதான் கொஞ்சம் தலைகீழ். நாம ‘இவன் ஃப்ரெண்ட், இவர் அப்பா’னு பிரிப்போம். அங்கே ரெண்டு பேரும் ‘எஸ்தே’தான். கேட்கிறவங்க பெரியவங்களா இருந்தா மட்டும் ‘தே’ போய் ‘லே’ வரும். பதிலுக்குப் பசங்க ‘என்கான்தாதோ’, பொண்ணுங்க ‘என்கான்தாதா’. குழப்பமா? யாரா இருந்தாலும் ‘முச்சோ குஸ்தோ’னு சொல்லிட்டு எஸ்கேப் ஆகிடுங்க.

போன மாசம் கிளாஸ்மேட் ஒருத்தன் கடற்கரைக் கோயில் பார்க்க வந்தான். திரும்புற வழியில ஒரு சிற்பப் பட்டறை. ஸ்பெயின்லேருந்து வந்த ஒரு அம்மா, சின்னப் பிள்ளையாரைக் கையில வெச்சுக்கிட்டு, யார் செஞ்சதுனு கேட்டுட்டு இருந்தாங்க. பட்டறைக்காரருக்கு ஸ்பானிஷ் புரியலை. எனக்குப் புரிஞ்சுது. மாமல்லபுரம் கற்சிற்பத்துக்கு 2017-லயே புவிசார் குறியீடு கிடைச்சாச்சு. நான் மட்டும் காலேஜ்ல ‘அப்பா பிசினஸ்’னுதான் சொல்லி வெச்சிருந்தேன்.

“லே பிரெசென்த்தோ ஆ மி பாத்ரே.”

கிளாஸ்மேட் அதிர்ச்சியாயிட்டான். “என்னடா, இவர் பாதிரியாரா?”

தப்பு அவன் மேல இல்லை. போர்ச்சுக்கீசியர் ‘பாத்ரே’தான் நம்ம ஊர்ல பாதிரி ஆச்சு. ஸ்பானிஷ்ல அப்பாவுக்கும் அதே சொல்லுதான்.

“இல்லடா... எங்க அப்பா.”

ஸ்பானிஷ்ல சட்டுனு வந்தது, தமிழ்ல சொல்றதுக்குள்ள தொண்டை அடைச்சுருச்சு. அவன் “வணக்கம் அங்கிள்”னு கை நீட்டினான். அப்பா கல்லுத்தூசியைத் துண்டுல துடைச்சுட்டு கை கொடுத்தார். அப்புறம் மெதுவா எங்கிட்ட, “அந்தம்மா ஏதோ சொன்னாங்களே, என்னடா?”

“‘என்கான்தாதா’ப்பா. உங்களைப் பார்த்ததுல ரொம்ப சந்தோஷமாம்.”

“அது சரி... விலை கேட்கலியா?”