ஒரே நேரத்துல ரெண்டு வேலை!

பாட்டு ஓடணும், ப்ராஜெக்ட் டைப் பண்ணணும். இன்னிக்கு இது சாதாரணம். டாஸ் காலத்துல பொதுவா ஒரு புரோகிராமை மூடினாத்தான் அடுத்ததைத் திறக்க முடியும்!

அதை மாற்ற 1985-ல் வந்தது குவார்ட்டர்டெக் நிறுவனத்தின் 'டெஸ்க்வியூ'. டாஸ் மேலேயே உட்கார்ந்து பல புரோகிராம்களைத் தனித்தனி விண்டோவில் காட்டியது. 386 சிப் இருந்தால் இன்னும் ஜோர். ஒவ்வொரு புரோகிராமும் தனக்கே தனி கம்ப்யூட்டர் கிடைச்ச மாதிரி ஓடும். மெமரி பத்தலைன்னா? ஒரு புரோகிராமை ஹார்ட் டிஸ்க்குக்குத் தள்ளிடும். அங்கே போனது தூங்கும்!

உங்க பழைய கம்ப்யூட்டர் திணறவும் பலசமயம் மெமரிதான் காரணம். புதுசு கேட்டு அப்பாகிட்ட நிக்கறதுக்கு முன்னாடி டாஸ்க் மேனேஜரைத் திறங்க. ரேம் நிரம்பியிருந்தா, கூடுதல் ரேம் போட முடியுமான்னு விசாரிங்க. பர்ஸ் தப்பிக்கும்!